ஸ்கார்ன் என்றால் கால் ஆணி அல்ல

"ச்சு… ச்சு… ச்சு…"

உள் அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது டென்சில் காபி டம்ளரை வாயருகே கொண்டுபோயிருந்தார். கை பாதியில் நின்றுவிட்டது.

"அது என்ன சத்தம்?" என்றார்.

எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்த உஷாவுக்கு அவர் எதைக் கேட்கிறார் என்றே புரியவில்லை. பெங்களூர் ஸ்ரீராம்புரத்துச் சந்தில் சனிக்கிழமை மதியம் சத்தத்துக்கா பஞ்சம்? மாடி வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. பழைய பேப்பர்காரர் கத்திக்கொண்டே தெருவைக் கடந்தார்.

"மிக்ஸியா சார்?"

"இல்ல, உள்ள. நாக்கால… இதோ, மறுபடியும்."

"ஓ, அதுவா. எங்கம்மா சார். பின் வீட்டு அக்கா வந்திருக்கு. அதோட தம்பி பைக்லேர்ந்து விழுந்து கால ஒடச்சுக்கிச்சாம். அதக் கேட்டுட்டிருக்காங்க."

டென்சில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காதை உள் அறைப் பக்கம் திருப்பினார். சற்று முன்புதான் அவர் உஷாவிடம், ஃபோனில் அந்த வெள்ளைக்கார அம்மாள் பேசியபோது நீ ஒரு சத்தம் போட்டாயே, அது என்ன என்று கேட்டிருந்தார். நான் ஒரு சத்தமும் போடவில்லை என்று உஷா தன் மகள் தலைமேல் ஆணையாகச் சொல்லியிருந்தாள். அந்த ஃபோன் பேச்சைப் பதிவு செய்த டேப்பில் அவர் கேட்டது நிஜம். அவள் சொன்னதும் நிஜம்தான். தான் போட்ட சத்தம் அவளுக்கே தெரியாது.

அந்தச் சத்தத்தால்தான் திங்கட்கிழமையோடு அவள் வேலை போவதாக இருந்தது.

உஷாவின் அப்பா கோதண்டராமன் குடிநீர்க் குழாய்களின் வால்வைத் திருப்பிவிடும் வேலையில் இருந்தவர். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும் என்பது அவர் தோளில் சுமந்து போகும் நீளமான இரும்புச் சாவியில் இருந்தது. அம்மா பாஞ்சாலி, பிரேசர் டவுனில் லோரா மேடம் என்ற ஆங்கிலோ இந்தியப் பெண்மணி வீட்டில் சமையலும் துணியும் பார்த்தாள். பள்ளி இல்லாத நாட்களில் உஷாவுக்கும் அந்த வீடுதான். அம்மா துணி துவைக்கும்போது அவள் வராண்டாவில் உட்கார்ந்து மேடத்தின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பள்ளிக்கூடத்தில் அவள் படித்தது தமிழ் மீடியம். ஆங்கிலம் வந்தது காது வழியாக மட்டுமே. அதனால் அவள் ஆங்கிலம் விசித்திரமானது. பேசினால் திரும்பிப் பார்ப்பார்கள். எழுதச் சொன்னால் தலை குனிந்துகொள்வாள். மேடம் எந்தச் சொல்லை எந்த இடத்தில் இழுப்பார், எங்கே விழுங்குவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. ஆனால் மேடம் வாயில் வராத சொல் எதுவும் அவளுக்குத் தெரியாது.

லோரா மேடத்துக்கு இடது கால் சுண்டுவிரலில் ஒரு கால் ஆணி இருந்தது. அந்த வீட்டில் அதற்கிருந்த மரியாதை வேறு யாருக்கும் கிடையாது. மழை வருமா வராதா என்பதை அது சொல்லும். புதுச் செருப்பு வாங்கலாமா கூடாதா என்பதையும் அதுவே முடிவு செய்யும். "மை கார்ன், மை கார்ன்" என்று மேடம் முனகியதும் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுபோய் வைப்பது உஷாவின் வேலை. அவள் முதன்முதலில் கற்ற ஆங்கிலச் சொற்களில் அது ஒன்று.

மேடம் சொல்லாத சொற்களில் ஒன்றுதான் பிறகு அவளை வந்து அடித்தது. பால்காரர் தண்ணீர் கலந்திருந்தால் மேடம் திட்டமாட்டார். பாலைப் பார்ப்பார். பிறகு பால்காரரைப் பார்ப்பார். அவ்வளவுதான். அந்த மனிதர் கூனிக் குறுகிப்போய் சைக்கிளை உருட்டிக்கொண்டு கிளம்புவார். அந்தப் பார்வைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு என்று உஷாவுக்கு யார் சொல்வது?

வளர்ந்தாள். மில்லில் தறி ஓட்டிய உத்தமனைக் கட்டினாள். பெண் குழந்தை பிறந்தது. மில்லை மூடினார்கள். உத்தமன் கல்யாண மண்டபங்களில் சீரியல் லைட் கட்டப் போனார். ஆடியும் மார்கழியும் வந்தால் வீட்டில் அடுப்பு யோசித்து யோசித்து எரியும். அப்பா போன பிறகு அம்மாவும் இவர்களோடு வந்து சேர்ந்துகொண்டாள்.

இரண்டாயிரத்து இரண்டில் கால் சென்டரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, முப்பது வயதைத் தாண்டிய உஷா, கல்லூரிப் பெண்களுக்கு நடுவில் போய் வரிசையில் நின்றாள். புடவையைப் பார்த்துச் சிலர் தங்களுக்குள் சிரித்தார்கள். அவள் வாயைத் திறந்து நாலு வாக்கியம் பேசியதும் சிரிப்பு நின்றுவிட்டது. அன்று அவளைத் தேர்ந்தெடுத்தவர் டென்சில். அங்கே பேசுகிறவர்களின் குரலையும் தரத்தையும் கண்காணிக்கும் அதிகாரி, பிரேசர் டவுன் ஆங்கிலோ இந்தியர். "இந்த இங்கிலீஷ் எங்க பாட்டிங்க பேசினது. எங்க புடிச்ச?" என்று கேட்டாராம்.

இங்கிலாந்தில் வாஷிங் மெஷின் வாங்கியவர்கள் ரிப்பேர் என்றால் கூப்பிடுவார்கள். பெங்களூரில் உஷா எடுத்து, கம்பெனி வைத்த பெயரில் "ரோஸ் பேசுகிறேன்" என்பாள். அவள் வீட்டில் துவைக்கும் கல்தான் உண்டு. இருந்தாலும் மெஷினின் வயிற்றில் எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஆறு மாதம் பயிற்சி. அது முடிந்தால் வேலை நிரந்தரம். முடிய இன்னும் ஒரு வாரம்கூட இல்லாதபோதுதான் மிஸஸ் பிரிம்லியின் அழைப்பு வந்தது.

வயதான குரல். மெஷின் பாதியில் நின்றுவிட்டது, உள்ளே தண்ணீர் நிற்கிறது, கதவு திறக்கவில்லை என்றார். வழக்கமான புகார். அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் வழக்கமானதல்ல. அவருடைய கணவர் போன வாரம் இறந்துவிட்டார். அவர் கடைசியாகப் போட்டிருந்த சட்டை அந்த மெஷினுக்குள் இருக்கிறது. கண்ணாடிக் கதவு வழியாக அது மிதப்பதை அவர் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உஷா அந்தச் சட்டையை நினைத்துப் பார்த்தாள். அந்தக் கணத்தில்தான் அந்தச் சத்தம் அவள் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும். பிறகு அந்த அம்மாள் நடுங்கும் குரலில் ஏதோ சொன்னார். "தட்ஸ் கார்ன்" என்று உஷாவின் காதில் விழுந்தது.

ஐயோ, துக்கத்தோடு துக்கமாகக் கால் ஆணி வேறா? புருஷனும் போய்விட்ட வீட்டில் இந்த அம்மாள் எப்படி நடமாடுவாள்? உஷா மனமுருகிச் சொன்னாள்: "உங்கள் கால் ஆணிக்காக வருந்துகிறேன் மேடம். வெந்நீரில் உப்புப் போட்டுப் பாதத்தை வையுங்கள். சுகமாக இருக்கும்."

ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது.

வியாழக்கிழமை மேனேஜர் சீனிவாசராகவன் அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். இங்கிலாந்திலிருந்து புகார் வந்திருக்கிறது என்றார். புகாரிலிருந்த ஒரே ஒரு சொல்லைச் சொல்லி, வாடிக்கையாளரிடம் நீ காட்டியது இதுதானா என்று கேட்டார். உஷா காதில் அது மறுபடியும் கால் ஆணியாகவே விழுந்தது.

"ஆமா சார். மனசு கேக்கல. அதான் அதப் பத்தி ரெண்டு வார்த்தை சொன்னேன்" என்றாள்.

கொஞ்சமும் கூச்சமில்லாமல் ஒப்புக்கொள்ளும் ஒருத்தியை அவர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. திங்கட்கிழமை முடிவு சொல்கிறேன், அதுவரை வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் உத்தமனுக்கும் தலைகால் புரியவில்லை. "கால் ஆணிக்கு வெந்நி ஒத்தடம் சொன்னா வேலையிலேர்ந்து நிறுத்துவானுங்களா? டாக்டருங்க யாராச்சும் கேஸ் குடுத்துட்டாங்களா?" என்றார். இரவெல்லாம் உஷா புரண்டு புரண்டு படுத்தாள். அடி விழுந்தாலும் பரவாயில்லை, எதற்கு அடித்தார்கள் என்று தெரியாமல் இருப்பதுதான் கொடுமை.

மறுநாள் எதிர் வீட்டு ஜெயம்மாவிடம் போனாள். ஜெயம்மா கன்னடப் பள்ளியில் டீச்சர். தடியான அகராதி ஒன்று வைத்திருப்பவர். சி எழுத்தில் 'கார்ன்' எடுத்துப் பார்த்தார்கள். தானியம் இருந்தது, கால் ஆணி இருந்தது, வேலையைப் பறிக்கக்கூடிய எதுவும் இல்லை. ஜெயம்மா யோசித்தார். அந்த வெள்ளைக்காரி எப்படிச் சொன்னாளோ அப்படியே சொல்லு பார்ப்போம் என்றார்.

காதால் கற்றவள் அல்லவா? உஷா, மிஸஸ் பிரிம்லியின் குரலும் நடுக்கமும் மாறாமல் அப்படியே சொன்னாள்.

"தடியோ, தடியோ" என்றார் ஜெயம்மா. இருக்கட்டும், பொறு என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, அவளை மூன்று முறை சொல்லவைத்தார். "அங்க ரெண்டு 'ஸ்' இருக்குது உஷா. ஒண்ணு முன்னாடி வார்த்தையோடது. இன்னொண்ணு பின்னாடி வார்த்தையோடது. நீ ரெண்டையும் சேத்து முழுங்கிட்ட."

பக்கங்கள் எஸ் எழுத்துக்குத் திரும்பின. ஸ்கார்ன்.

ஜெயம்மா படித்துவிட்டு அகராதியை அவள் பக்கம் திருப்பினார். "இது நம்ம தாத்சாரம்" என்றார் பிறகு. ஒருவரை மதிக்காமல் தள்ளுவதற்குக் கன்னடத்தில் அதுதான் சொல். உஷா திகைத்து நின்றாள். தமிழில் இளக்காரமா, ஏளனமா, நக்கலா? ஜெயம்மா ஒவ்வொன்றாகத் தள்ளினார். நக்கலில் சிரிப்பு இருக்கிறது. கிண்டலில் கொஞ்சம் பாசம்கூட இருக்கலாம். இதில் இரண்டும் கிடையாது. நீ என் காலடித் தூசுக்குச் சமம் என்று ஒருவரைத் துச்சமாக நினைப்பது; நினைத்ததைக் காட்டவும் செய்வது. இந்த ஆங்கிலக்காரர்கள் அதை ஒருவர்மேல் ஊற்றுவார்களாம், குவிப்பார்களாம், என்னவோ குப்பைக்கூடையைக் கவிழ்ப்பதுபோல.

இன்னொரு பிரயோகமும் போட்டிருந்தது. ஒரு கீழான காரியத்தைச் செய்ய மனம் கூசி, சீ என்று ஒதுக்குகிறோமே, அதற்கும் இதே சொல்தானாம். பொய் சொல்வதை ஒருத்தி ஸ்கார்ன் செய்யலாம். அப்போது அது நல்ல குணமாகிவிடுகிறது. ஒரே சொல் ஆளின்மேல் விழுந்தால் பாவம், காரியத்தின்மேல் விழுந்தால் மானம். உஷாவுக்கு அந்தக் கலக்கத்திலும் இது ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் முழு அர்த்தமும் மனதில் இறங்கியது. புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணை நான் துச்சமாக நினைத்தேனா? அதோடு அவள் பாதத்தை வேறு கேலி செய்தேனா? அப்படியல்லவா அந்த அம்மாள் நினைத்துக்கொண்டிருப்பாள். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

சனிக்கிழமை மதியம் டென்சில் வந்து நின்றது அந்த நிலைமையில்தான். ஆபீஸில் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். வாசலில் பார்த்ததும் உஷாவுக்கு வாயில் சார்தான் வந்தது. டேப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டேன், ஏளனம் செய்தது உண்மை என்று குறிப்பு எழுதியவனும் நானே, ஆனாலும் மனசு ஒப்பவில்லை, அதனால் நேரில் கேட்க வந்தேன் என்றார். உஷா கால் ஆணிக் கதையைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, அது சரி, அதற்கு முன்னால் ஒரு சத்தம் போட்டாயே என்று கேட்டார். அப்போதுதான் உள் அறையிலிருந்து அது வந்தது.

"அம்மாவக் கொஞ்சம் கூப்பிடேன்" என்றார் டென்சில்.

பாஞ்சாலி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். உட்காரச் சொன்னதற்கு மறுத்துக் கதவில் சாய்ந்து நின்றாள். நீங்கள் இப்போது நாக்கால் ஒரு சத்தம் போட்டீர்களே, அதை இன்னொரு தரம் போடுங்கள் என்று அவர் கேட்டதும், மகளைப் பார்த்தாள். இந்த ஆளுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்பதுபோல்.

"சும்மா போடுன்னா எப்பிடிங்க வரும்? நான் என்னா பல்லியா? எதுனா கெட்ட சேதி சொல்லுங்க, தானா வரும்."

டென்சில் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எங்கம்மா ஆஸ்திரேலியாவுல அக்கா வீட்டுல இருந்தாங்க. போன வருஷம் செத்துட்டாங்க. அதுக்கு முந்தின நாள் ஃபோன் பண்ணாங்க. நான் மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்னு வெச்சுட்டேன்."

"ச்சு… ச்சு… ச்சு…"

மூடிய கண்ணோடு அதைக் கேட்ட டென்சிலின் முகம் சுருங்கியது. யாரோ முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அம்மாவோடு ஒரு நிமிடம் பேச நேரமில்லாத மகனா நீ, சே, என்று அந்தச் சத்தம் அவரைப் பார்த்துச் சொன்னது. கண்ணைத் திறந்தார். கதவில் சாய்ந்து நின்ற பாஞ்சாலியின் கண்கள் நிறைந்திருந்தன. உதடு துடித்துக்கொண்டிருந்தது. "பாவம், பெத்தவ மனசுக்குத் தெரியாதா சாமி? எம் புள்ள வேலையா இருக்கான்னு நெனச்சிருப்பா" என்றாள்.

சத்தம் ஒன்றுதான். கண்ணை மூடினால் ஏளனம்; திறந்தால் இரக்கம். இங்கிலாந்தில் நாக்கைச் சொடுக்கினால் உன் யோக்கியதை இவ்வளவுதானா என்று பொருள். இங்கே பாவமே என்று பொருள். சிறு வயதில் தன்னை வளர்த்த ஆயாவிடம் ஆயிரம் தரம் அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த டென்சிலுக்கே டேப்பில் அது அடையாளம் தெரியவில்லை. ஏனென்றால் ஆயாவுக்கு முகம் இருந்தது. டேப்புக்கு இல்லை.

"அப்ப ஒருத்தர எளக்காரம் பண்ணணும்னா என்ன பண்ணுவீங்க?" என்று அவர் பாஞ்சாலியிடம் கேட்டார்.

"அதுக்கா? அதுக்கு இப்பிடி" என்றாள் பாஞ்சாலி. முகவாயைத் தோளில் ஒரு இடி இடித்து, "க்கும்" என்று கழுத்தை வெட்டித் திருப்பினாள். அதில் அத்தனை வேகம் இருந்தது. டென்சில் தன்னை அறியாமல் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "இத எம் பொண்ணு யார்கிட்டயும் செஞ்சதில்லீங்க. கட்டின புருஷன்கிட்ட மட்டும் எப்பவாச்சும்" என்றாள்.

உஷா தலையைக் குனிந்துகொண்டாள். டென்சில் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் முகத்தில் பழைய கவலை வந்து உட்கார்ந்துவிட்டது.

இதை அவர் நம்புகிறார், மேனேஜர் நம்பமாட்டார். நாக்குச் சத்தம், கால் ஆணி என்றெல்லாம் போய் நின்றால் சாக்குச் சொல்வதாகத்தான் தெரியும். அதனால் ஒரு வழி சொன்னார். அன்று களைப்பில் இருந்தேன், மரியாதைக் குறைவாக நடந்துகொண்டேன், மன்னிக்க வேண்டும் என்று திங்கட்கிழமை சொல்லிவிட்டால் போதும். எச்சரிக்கையோடு முடித்துவிடுவார்கள். ஃபோனிலிருந்து எடுத்து ஈமெயில் பிரிவில் போடுவார்கள்.

ஈமெயில் என்றதும் உஷாவுக்குப் பயம் பிடித்தது. எழுத்து வராதவளை எழுதும் இடத்தில் போட்டால் எத்தனை நாள் தாங்கும்? ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது அந்தப் பயம் அல்ல. மகளின் பள்ளிக்கூடம், ஆடி மாதத்து அடுப்பு, எல்லாமே மனதில் வந்து நின்றன. அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தாலியறுத்தவள நான் கேவலமா நெனச்சேன்னு என் வாயாலயே சொல்லணுமா சார்? மாட்டேன்." பிறகு ஆங்கிலத்தில், லோரா மேடம் இழுக்கும் இடத்தில் இழுத்துச் சொன்னாள்: "ஐ ஸ்கார்ன் டு."

ஒரு நாள் முன்புதான் அர்த்தம் தெரிந்துகொண்ட சொல். தன் வாழ்நாளில் அவள் அதை முதன்முறையாகப் பயன்படுத்தினாள். அதுவும் அகராதியில் கடைசியாகப் போட்டிருந்த, கீழான காரியத்துக்கு மனம் கூசும் அந்தப் பிரயோகத்தில்.

டென்சில் சட்டைப் பையிலிருந்து மொபைலை எடுத்தார். கம்பெனி சார்பில் வருத்தம் தெரிவிக்க மிஸஸ் பிரிம்லியிடம் அவர் ஏற்கெனவே பேசியிருந்தார். எண் அதில் இருந்தது. அங்கே அப்போது காலை வேளை. இப்படி வெளியிலிருந்து வாடிக்கையாளரைக் கூப்பிடுவது விதிமுறைக்கு விரோதம் என்பதும் அவருக்குத் தெரியும்.

முதலில் அவர் பேசினார். பிறகு ஃபோனை உஷாவிடம் கொடுத்தார். பாஞ்சாலியும் பின் வீட்டுக்காரியும் உள் அறை வாசலில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

உஷா மறைக்காமல் சொன்னாள். எங்கள் ஊரில் சாவுச் செய்தி கேட்டால் நாக்கு தானாக இப்படிச் சொடுக்கும். அது எங்கள் வாய் அழும் விதம். நீங்கள் ஸ்கார்ன் என்றது என் காதில் கார்ன் என்று விழுந்தது. நான் வளர்ந்த வீட்டில் ஒரு அம்மாவுக்கு அது இருந்தது. உங்களுக்கும் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

எதிர்முனையில் விட்டு விட்டு ஒரு ஒலி கேட்டது. விம்மலா? முகம் தெரியாமல் ஒரு சத்தத்தை எப்படிப் புரிந்துகொள்வது? அழாதீர்கள் மேடம் என்று சொல்லப்போன உஷா, இன்னொரு தப்பு செய்துவிடுவோமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டாள். அது சிரிப்பு என்று தெரிய வெகுநேரம் ஆயிற்று.

அந்த அம்மாள் சிரித்து முடித்ததும், உஷா கேட்க வேண்டியதைக் கேட்டாள். சட்டை வெளியே வந்ததா? இல்லை. வருகிறேன் என்ற ரிப்பேர் ஆள் வரவே இல்லை. உஷா சொல்லச் சொல்ல அந்த அம்மாள் செய்தார். மெஷினின் காலடியில் ஒரு சின்ன மூடி இருக்கிறது, திறங்கள். ஒரு தட்டை வையுங்கள். உள்ளே திருகு இருக்கிறது, மெதுவாக இடது பக்கம். ஃபோனைக் கீழே வைத்துவிட்டு அவர் போவதும், தண்ணீர் கொட்டுவதும், தட்டு உரசுவதும் கேட்டன. பிறகு ஒரு 'க்ளிக்'. அதன்பின் நீண்ட நேரம் எதுவும் கேட்கவில்லை. ஸ்ரீராம்புரத்தில் மூன்று பெண்களும் ஓர் ஆணும் கடல் கடந்த ஒரு வீட்டின் நிசப்தத்துக்குக் காது கொடுத்தபடி இருந்தார்கள்.

திரும்பி வந்தபோது மிஸஸ் பிரிம்லியின் குரல் ஈரமாக இருந்தது. கணவர் காலர் பொத்தானைக் கழற்றாமலே சட்டையை மெஷினில் போட்டிருக்கிறார், எப்போதும் அப்படித்தான் என்றார். உஷா நாக்கைப் பல்லுக்குள் இறுக்கிக்கொண்டாள்.

கடைசியாக அவர் சொன்னதை உஷா தமிழில் மற்றவர்களுக்குச் சொன்னாள். புகாரை அவர் திரும்பப் பெற்றுக்கொள்வார். திங்கட்கிழமை தானே கம்பெனிக்கு ஃபோன் செய்வார். ஆனால் கால் ஆணியை மட்டும் திருப்பித் தரமாட்டாராம். கணவர் போன பிறகு அவர் சிரித்தது இன்றுதான். அது அவருக்கு வேண்டுமாம். இன்னொன்று: அந்தச் சத்தத்தை இனி யாரிடமும் போடாதே பெண்ணே, எல்லோரையும் இப்படித் திரும்பக் கூப்பிட்டு விளக்க முடியாது என்றாராம்.

"வேல இருக்குதா இல்லியா, அதச் சொல்லு மொதல்ல" என்றாள் பாஞ்சாலி.

"இருக்கு மா" என்றாள் உஷா. சொன்னதும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பாஞ்சாலி அருகில் வந்து மகளின் தலையைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

டென்சில் எழுந்தார். ஆறிப்போன காபியை நின்றபடியே குடித்து முடித்தார். தான் எழுதிய குறிப்பைத் தானே மாற்றுவதாகச் சொன்னார். ஃபோன் செய்ததற்கு மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே, திங்கட்கிழமை பழைய சீட்டிலேயே வந்து உட்கார், ஆனால் அந்த நாக்கை மட்டும் அடக்கு என்றார்.

உஷா முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "சரி சார். ஆனா எவளோ ஒருத்தி புருஷன் செத்துட்டான்னு சொல்றப்ப நான் என்ன பண்றது?"

"ஐ ஆம் சாரின்னு சொல்லு. நாங்க சொல்லிக் குடுத்தோமே."

"கதவு தொறக்கலன்னாலும் அதான் சொல்றோம். லைன்ல காக்க வெச்சாலும் அதான் சொல்றோம். இதுக்கும் அதையேவா?"

டென்சில் ஷூ நாடாவைக் கையில் பிடித்தபடி யோசித்தார். "அப்ப ஒண்ணும் சொல்லாத. ஒரு நிமிஷம் அமைதியா இரு. புரிஞ்சுப்பாங்க."

"அமைதியா இருந்தா லைன் கட்டாயிடுச்சுன்னு வெச்சுருவாங்க சார்."

அவர் நாடாவைக் கட்டினார். நிமிர்ந்து, தெருவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "யோசிக்கிறேன்" என்றார். "நீயும் யோசி. திங்கக்கிழமை பேசுவோம்."

சந்தில் எதிரே வந்த தள்ளுவண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டு, எதையோ தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே அவர் நடந்தார். முனை திரும்பி மறையும்வரை உஷா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.